தினம் பத்துக் கேள்வி

(உத்தமபாளையத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரும் குழுவின் பெயரும் போடவில்லை.)

"நீ செல்போன்ல தினமும் பொது அறிவுக் கேள்வி விளையாடுறியாமே, அதை மத்த குழுக்காரங்களுக்கும் சொல்லு"ன்னு தலைவி அக்கா கேட்டாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அதைச் சொல்லணும்னா, அதனால நான் குழுப் பணத்தை விட்ட கதையையும் சொல்லியாகணும். நல்லதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு உட்கார்ந்தா, எங்க குழுக்காரங்க பின்வரிசையில இருந்து சிரிப்பாங்க. அதனால ரெண்டையும் சொல்றேன்.

நான் எட்டாவது வரை படிச்சவ. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போறேன். உங்கள்ல பாதிப் பேருக்கு அந்தப் பாடு தெரியும். விடியறதுக்கு முன்னாடியே தூக்குவாளியோட ரோட்டுல நிக்கணும். ஜீப் வரும். எட்டுப் பேர் ஏற வேண்டியதுல எத்தனை பேர் ஏறுவோம்னு சொன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துடும், விடுங்க. கம்பம்மெட்டு ஏறி இறங்கினால் கேரளா. சாயங்காலம் திரும்பி வந்து அடுப்பு, தண்ணி, மாடு. இதுல பொது அறிவுக்கு எங்கே நேரம்?

என் மகள் காலேஜ் முடிச்சிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறா. அந்தப் பரீட்சையில் 200 கேள்வி, 300 மதிப்பெண். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் புத்திக்கூர்மையும். அவள்தான் என் போனில் ஒரு வினாடி வினா ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். "அம்மா, தினம் பத்துக் கேள்வி வரும். நீ விளையாடிட்டு ராத்திரி என்கிட்ட கேளு. எனக்கும் படிச்ச மாதிரி இருக்கும்"னு சொன்னாள். ஒரு கேள்விக்கு நாலு பதில். சரியானதைத் தொட்டால் பச்சை, தப்பானதைத் தொட்டால் சிவப்பு. அவ்வளவுதான் விளையாட்டு. ராத்திரி 12 மணிக்குப் புதுக் கேள்வி வந்துடும்.

மெட்டு ஏற ஆரம்பிச்சா சிக்னல் போயிடும். அதனால அடிவாரத்துக்குள்ள பத்தையும் முடிக்கணும். நான் சத்தமா வாசிப்பேன், ஜீப்பே பதில் சொல்லும். முதல் நாள் பத்துக்கு மூணு. ஒரு மாசத்துல ஆறு, ஏழு வந்துச்சு. டிரைவர் தம்பிகூட ரேடியோவை நிறுத்திட்டுக் கேட்பான். அவனுக்குக் கிரிக்கெட் கேள்வி மட்டும்தான் தெரியும், அதுக்கே ரொம்பப் பெருமை.

ஒரு நாள் நம்ம கேள்வி வந்துச்சு. முல்லைப் பெரியாறு அணை எந்த மாநிலத்தில் உள்ளது? ஜீப் முழுக்க ஒரே குரல்: கேரளா. தொட்டேன். சிவப்பு! சரியான பதில் தமிழ்நாடுன்னு காட்டுச்சு.

சகோதரிகளே, எங்களுக்கா தெரியாது? 2011 டிசம்பர்ல அணைப் பிரச்சினை வந்து, இந்த ரோட்டுல வண்டி போகாம, மலை வேலைக்குப் போக முடியாம வீட்டுல உட்கார்ந்தவங்க நாங்க. அணை இருக்கிறது கேரளாவின் இடுக்கி மாவட்டத்துல. 1886ல் திருவிதாங்கூர் மகாராஜாகிட்ட 999 வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கின இடம். பென்னிகுவிக் கட்டி 1895ல் தண்ணி திறந்தாங்க. அணையைப் பராமரிக்கிறதும் தண்ணியை எடுக்கிறதும் தமிழ்நாடு. 142 அடி வரை தேக்கலாம்னு 2014ல் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. கம்பம் பள்ளத்தாக்குல இருபோக நெல் பாயுற 14,707 ஏக்கருக்கும் அந்தத் தண்ணிதான். இதெல்லாம் எங்க ஜீப்புல ஒரு பரீட்சையும் எழுதாத பொம்பளைங்க சொல்லுவாங்க. ஆப் எழுதினவனுக்குத் தெரியலை.

அன்னிக்குத்தான் எங்களுக்கு ஒரு தைரியம் வந்துச்சு. பச்சை விளக்கு எரிஞ்சா உண்மைன்னும் இல்லை, சிவப்பு எரிஞ்சா பொய்ன்னும் இல்லை. அதுக்கப்புறம் தப்புக் கண்டுபிடிக்கிறதே தனி விளையாட்டாப் போச்சு. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம்னு கேட்டுட்டு, ஒரு ஆப் 32ன்னு சொல்லும், இன்னொண்ணு 37ன்னு சொல்லும். 2019ல் அஞ்சு மாவட்டம் கூடி 37 ஆச்சு, 2020ல் மயிலாடுதுறை சேர்ந்து 38. பழைய கேள்வியை மாத்தாம அப்படியே போட்டிருக்காங்க.

இதைவிட பெரிசு ஒண்ணு மகள் சொன்னாள். நம்ம தேசிய விளையாட்டு எது? ஹாக்கின்னு எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். லக்னோவில் ஒரு பத்து வயசுச் சிறுமி 2012ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசாங்கத்துக்கே எழுதிக் கேட்டுச்சு, ஹாக்கியை எந்த உத்தரவுப்படி தேசிய விளையாட்டுன்னு அறிவிச்சீங்கன்னு. எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கலைன்னு பதில் வந்துச்சு. பத்து வயசுப் பிள்ளை! அந்தச் சட்டம் வந்தது 2005ல். பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம். நம்ம ஊர்ல ரேஷன் கடை, நூறு நாள் வேலைன்னு எவ்வளவு முணுமுணுக்கிறோம், எத்தனை பேர் எழுதிக் கேட்டிருக்கோம்?

சரி, இப்ப என் கதைக்கு வர்றேன்.

இந்தக் கேள்வி விளையாட்டு புதுசு இல்லை. 2000ல் அமிதாப் பச்சன் இந்தியில் ஆரம்பிச்சார், அதே சமயத்துல சன் டிவியில் சரத்குமார் கோடீஸ்வரன் நடத்தினார். அப்ப எங்க தெருவுல டிவி இருக்கிற வீட்டுத் திண்ணை நிறைஞ்சிருக்கும். விஜய் டிவியில் 2012ல் சூர்யா நடத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் கலர்ஸ் தமிழில் ராதிகா, பெண்களுக்கு மட்டும்னு கோடீஸ்வரி நடத்தினாங்க. அதில் 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயிச்சாங்க. அவங்களுக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. அப்ப மதுரை கோர்ட்டில் இளநிலை உதவியாளரா இருந்தாங்க. அந்தப் பொண்ணு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடிச்சப்ப டிவி முன்னாடி உட்கார்ந்து அழுதேன்.

அதுக்கு முந்தின வருஷம் 2019ல் இந்தி நிகழ்ச்சியில் மகாராஷ்டிரா அமராவதி மாவட்டத்துல இருந்து பபிதா தாடேன்னு ஒரு அம்மா ஒரு கோடி ஜெயிச்சாங்க. அவங்க யாரு தெரியுமா? பள்ளிக்கூடத்துல மதிய உணவு சமைச்சவங்க. 450 பிள்ளைகளுக்குக் கிச்சடி கிண்டினவங்க, அப்ப மாசச் சம்பளம் 1,500 ரூபாய். பணத்தை வச்சு என்ன வாங்கணும்னு கேட்டப்ப ஒரு செல்போன்னு சொன்னாங்க, வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து ஒரே போன்தான் இருந்ததாம். இங்கே நம்ம கூட்டத்துலயும் சத்துணவுல வேலை பார்க்கிறவங்க இருக்கீங்க. உங்களுக்கு மனசு எப்படி இருக்கும்?

எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மெட்டு ஏறும்போது நினைப்பேன், நமக்கும் ஒரு நாள் வந்தா என்னன்னு. அந்த நினைப்பு தப்பு இல்லை. அந்த நினைப்பு எனக்குள்ள இருந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துச்சு.

தமிழ்லதான் பேசினான். "மேடம்"னு கூப்பிட்டான். என்னை யாரும் மேடம்னு கூப்பிட்டது இல்லை. ஒரு டிவி நிகழ்ச்சியோட பேரைச் சொல்லி, "நீங்க தினமும் வினாடி வினா விளையாடுறதுக்காக உங்க நம்பர் குலுக்கலில் 25 லட்சம் ஜெயிச்சிருக்கு"ன்னான். வாட்ஸ்அப்பில் என் பேர் போட்ட சான்றிதழ் ஒண்ணு வந்துச்சு, முத்திரை எல்லாம் இருந்துச்சு. பணத்தை என் கணக்குக்கு மாத்த ஆபீஸ் செலவு 4,500 கட்டணும், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கட்டலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னான். வீட்டுல யாருக்கும் சொல்லாதீங்க, பணம் வந்ததும் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்கன்னும் சொன்னான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னான்.

அப்ப நான்தான் எங்க குழுவோட பிரதிநிதி. மறுநாள் பேங்குல கட்ட வேண்டிய கடன் தவணை 11,600 ரூபாய் என் வீட்டுப் பீரோவுல இருந்துச்சு. அதுல இருந்து 4,500 எடுத்தேன். செல்போன் கடைக்குப் போய் காசைக் கொடுத்து அந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். கடைத் தம்பி, "யாருக்குக்கா அனுப்புறீங்க?"ன்னு கேட்டான். "சொந்தக்காரங்களுக்கு"ன்னு பொய் சொன்னேன். முல்லைப் பெரியாறு கேள்வியில ஆப்போட சண்டை போட்ட அதே பொம்பளைதான், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கலை.

மறுநாள் காலையில திரும்ப போன். ஜி.எஸ்.டி. 9,800 கட்டணும்னான். பீரோவுல மிச்சம் 7,100தான். குறையிறதைக் கைமாத்தா வாங்க என் அண்ணன் பொண்டாட்டி வீட்டுக்குப் போனேன். மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடும். அதுகிட்ட மட்டும் ரகசியமா விஷயத்தைச் சொன்னேன். மதினி வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"ஏத்தா, 25 லட்சம் அவன்கிட்ட இருக்குல்ல? அதுலயே இந்தக் காசைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. அவனுக்குப் போன் போட்டு அதையே கேட்டேன். ரூல் இல்லைன்னான். திரும்பக் கேட்டேன், கத்தினான். மூணாவது தடவை போன் போகலை.

அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தா என் தப்பு அதோட நின்னிருக்கும். நான் சொல்லலை. பேங்குத் தவணை நிக்கக்கூடாதுன்னு ஒருத்தர்கிட்ட 4,500 வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். நூத்துக்குப் பத்து வட்டி. மாசம் 450. ரெண்டு மாசம் 900 கட்டினேன், அசல் அப்படியே நின்னுச்சு. ஜீப்புல பத்துக் கேள்வி வாசிக்கிற எனக்கு, இந்தக் கணக்கு ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள ஓடும். மாசம் பத்துன்னா வருஷத்துக்கு நூத்துக்கு 120. 4,500 ரூபாய்க்கு வருஷ வட்டி மட்டும் 5,400. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கு. அதுவும் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மூணாவது மாசக் கூட்டத்துல எழுந்து சொல்லிட்டேன். யாரும் "பரவாயில்லை"ன்னு சொல்லலை. ஒரு அக்கா, "உன் காசு போனா உன் பாடு. குழுக் காசைத் தொட்டது எப்படி?"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, இன்னிக்கும் இல்லை. பிரதிநிதிப் பொறுப்பை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாங்க. தவணைப் பணம் ஒரு ராத்திரிகூட யார் வீட்டிலும் இருக்கக்கூடாது, வசூலான அன்னிக்கே ரெண்டு பேர் சேர்ந்து போய்க் கட்டணும்னு தீர்மானம் எழுதினாங்க. என் கைநாட்டு மாதிரிக் கோணலான கையெழுத்தும் அதுல இருக்கு. அதே கூட்டத்துல சங்கச் சேமிப்புல இருந்து 4,500 ரூபாய் உள்கடன் கொடுத்து, வெளிவட்டியை அடைக்க வச்சாங்க. நூத்துக்கு ஒரு வட்டி, மாசம் 375 வீதம் 12 தவணை. வெளியே மாசம் 450 வட்டி கட்டினேன். சங்கத்துல முதல் மாச வட்டி 45. அசல் குறையக் குறைய வட்டியும் குறைஞ்சுது.

ரெண்டு விஷயம் மட்டும் வேகமாச் சொல்லிடுறேன், நேரம் ஆகுதுன்னு அக்கா பார்க்கிறாங்க. இந்த மாதிரிப் பணம் போச்சுன்னா உடனே 1930க்குப் போன் பண்ணணும். சைபர் குற்றத்துக்கான உதவி எண் அது. சீக்கிரம் சொன்னா, பணம் போன கணக்கை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கு. நான் ரெண்டு மாசம் மறைச்சுட்டுச் சொன்னேன், ஒரு ரூபாய் திரும்பலை. டிவி நிகழ்ச்சி பேர்ல 25 லட்சம் லாட்டரின்னு வர்ற வாட்ஸ்அப் மோசடியைப் பத்திப் பல ஊர்ப் போலீசும் எச்சரிச்சிருக்காங்க. நிறைய அழைப்பு 92ன்னு ஆரம்பிக்கிற நம்பர்ல வருமாம். நம்ம நாட்டு நம்பர் 91. 92 பாகிஸ்தான். ஆனா 91ல் வந்தாலும் நம்பிடாதீங்க, எனக்கு வந்தது 91தான். ஓ.டி.பி. நம்பரைப் பெத்த பிள்ளை கேட்டாலும் எதுக்குன்னு கேட்டுட்டுக் கொடுங்க.

இன்னொண்ணு, காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டு. அதைத் தடை பண்ணி 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட்ல சட்டம் நிறைவேத்தினாங்க. நான் விளையாடுறது இலவசம். இலவசம்னா அவங்களுக்கு வருமானம் எப்படின்னு மதினிதான் கேட்டுச்சு. மகள் சொன்னாள், மூணு கேள்விக்கு ஒரு விளம்பரம் வருதே, அதுதான் வருமானம்னு. இன்னொரு தந்திரமும் இருக்கு. எத்தனை நாள் விடாம விளையாடியிருக்கோம்னு கணக்குக் காட்டும். ஒரு நாள் விட்டா பூஜ்யம். எனக்கு 61 நாள் இருந்தப்ப, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கும் வராண்டாவுல நின்னு பத்துக் கேள்வி முடிச்சேன். மாமியார் பார்த்த பார்வை இருக்கே! மறுநாள் வேணும்னே விட்டேன். பூஜ்யம் ஆச்சு. ஒண்ணும் ஆகலை.

இவ்வளவு நடந்தும் ஏன் இன்னும் விளையாடுறேன்னு கேட்பீங்க. எங்க வீட்டுக்காரரும் கேட்டார். போனைப் பிடுங்கி வச்சிருவேன்னும் சொன்னார். மோசம் பண்ணினவன் ஒருத்தன், அதுக்குக் கேள்வி என்ன பண்ணும்? எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்குன்னு தினம் காலையில தெரியுது, அது பிடிச்சிருக்கு. அதுமட்டும் இல்லை, இப்ப ஜீப்புல மட்டும் இல்லாம குழுக் கூட்டத்துலயும் கேள்வி நேரம் வச்சிருக்கோம். சேமிப்பு வசூல் முடிஞ்சதும் அஞ்சு கேள்வி. ரெண்டு ஆப்புல இருந்து, மூணு எங்க கேள்வி. வாராவாரம் ஒருத்தர் கேட்கணும், பதிலைச் சரிபார்த்துட்டு வரணும்.

சில கேள்வி சொல்றேன். பேங்க் மூடிப்போனா நம்ம சேமிப்புல எவ்வளவுக்குக் காப்பீடு? 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரிக்கு முன்னாடி 1 லட்சம்தான். உள்ளாட்சியில் பெண்களுக்கு எத்தனை சதவீதம்? 2016ல் சட்டம் திருத்தினதுல இருந்து 50. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதல்ல எந்த மாவட்டத்துல ஆரம்பிச்சுது? தர்மபுரி, 1989. உத்தமபாளையத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணர் சிற்பம் எங்கே இருக்கு? இதுக்கு ஒருத்தருக்கும் பதில் தெரியலை. கருப்பண்ணசாமி கோயில் பாறையில, வட்டெழுத்துக் கல்வெட்டோட இருக்கு. வருஷா வருஷம் அங்கே போய்ப் பொங்கல் வச்சுட்டு வந்தவங்களே அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தது இல்லை. அடுத்த வாரம் ஏழு பேர் கிளம்பிப் போய்ப் பார்த்துட்டு வந்தோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு எந்த வருஷம் கிடைச்சுதுன்னு ஒரு தங்கச்சி கேட்டா. 2023. உடனே திராட்சைத் தோட்டத்துல வேலை பார்க்கிற ஒரு அக்கா, "குறியீடு கிடைச்சுச்சே, கூலி கூடுச்சா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அந்தத் தங்கச்சி நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா. நோட்டுல அது இல்லை.

மதினிக்கு முறை வந்தப்ப, எழுதப் படிக்கத் தெரியாதே, விட்டுடலாம்னு சிலர் சொன்னாங்க. நான் விடலை. மதினி எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "பெரியாத்துத் தண்ணி 1895ல வந்துச்சுன்னு வாராவாரம் சொல்றீங்களே. அதுக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குல நம்ம பாட்டிக்குப் பாட்டிமார் எதைக் குடிச்சாங்க, எதை விதைச்சாங்க?"

சிலர் சுருளியாறுன்னாங்க, சிலர் கிணறுன்னாங்க, கம்பு, சோளம்னாங்க. எதுவும் நேரா அறிஞ்சு சொன்னது இல்லை. ஆப்புலயும் தேடினோம், அந்தக் கேள்வியே இல்லை. இந்தக் கூட்டத்துல எண்பது வயசு தாண்டின ஆத்தாமார் நாலு பேர் முன்வரிசையில இருக்கீங்க. உங்க அப்பத்தா சொன்ன கதை ஏதாவது ஞாபகம் இருந்தா, சாப்பாட்டு நேரத்துல என் பக்கத்துல வந்து உட்காருங்க. நோட்டும் பேனாவும் கொண்டு வந்திருக்கேன்.